கூப்பிட்டும் ஆஜராகவில்லை

பதினொண்ணுன்னா நாந்தான். காலைல ஏழரை மணிக்கு ராத்திரி டூட்டி சிஸ்டர் வீட்டுக்குப் போறதுக்கு முந்தி பகல் டூட்டி சிஸ்டரைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு கட்டில் கால்மாட்டுலயும் நின்னு ஒப்படைப்பா, பத்து, தாடை, நாலாம் நாள், பதினொண்ணு, டோட்டல், பதிமூணாம் நாள், மூக்குக் குழாயில கஞ்சி போகுது, காய்ச்சல் இல்ல. அம்புட்டுதான் நான். பூவலிங்கம், வயசு ஐம்பத்தேழுன்னு தலைமாட்டுல அட்டை தொங்குது, அதுல ஈ உக்காருமே தவிர யாரும் நின்னு வாசிக்கிறது கிடையாது. சரி, பேரு போகட்டும், சவத்த விடு, இந்த டோட்டல்ங்கிறதுதான் மூணு நாளா எனக்குத் தொண்டையில சிக்கிக்கிட்டு கெடக்கு, தொண்டையிலன்னு சொல்லலாமா, அது இருக்கோ இல்லையோ. டோட்டல்னா பள்ளிக்கூடத்து மார்க் அட்டையில அடியில கோடு போட்டு எழுதுவானே, அது. மொத்தம். எது மொத்தம்? என்னத்தை மொத்தமா என்ன செஞ்சாவ? கேக்கணும். கேக்கதுக்குத்தான் சிலேட்டுல எழுதி, நெஞ்சு மேல கவுத்தி, துண்டைப் போட்டு மூடிக்கிட்டு ஆறு மணியிலேர்ந்து படுத்துக் கெடக்கேன். எனக்குச் சத்தம் திரும்பி வருமா வராதா. இவ்வளவுதான் எழுதியிருக்கு. நேத்தும் எழுதினேன், முந்தாநாளும் எழுதினேன், பெரிய டாக்டர் பக்கத்துல வரும்போது உள்ளங்கையால அழிச்சுட்டேன். கையெல்லாம் சுண்ணாம்பு அப்பினாப்பல வெள்ளை. பயந்தாங்கொள்ளிப் பயலே, இன்னைக்கும் அழிச்சே, பாத்துக்கோ.

மணி ஒம்பது இருக்கும். சன்னல் வெயில் இன்னும் பன்னெண்டாம் நம்பர் கட்டிலைத் தாண்டல. எங்க வீட்டுக்காரி கீழ உக்காந்து என் கழுத்து ஓட்டைக்கு மேல போடுற சல்லாத்துணிய மடிச்சுக்கிட்டு இருக்கா. முன்னல்லாம் வாய் ஓயாது, நான் சைக்கிளை எடுத்து தெருமுக்கு திரும்புற வரைக்கும் பின்னாலேயே கத்துவா, குடைய எடுத்தாச்சா, மாத்திரையப் போட்டாச்சான்னு. எனக்குப் பேச்சு நின்னதுலேர்ந்து அவளும் நிறுத்திட்டா. கையக் காட்டுதா. கஞ்சின்னா அஞ்சு விரலைக் குவிச்சு வாய்கிட்ட கொண்டு போறா, ஒண்ணுக்குன்னா சுண்டுவிரல். ஏளா, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, காதை யாரும் அறுக்கலன்னு சொல்லணும்னா அதுக்கும் சிலேட்டைத்தான் எடுக்கணும். இந்தச் சிலேட்டை வாங்கிக் கொடுத்தது இவ தம்பி நயினார். வாங்கிக் கொடுத்தவன் என்ன செஞ்சான், முதல்ல அவனே குச்சிய எடுத்து, நல்லா இருக்கீங்களா அத்தான்னு கொட்டை எழுத்துல எழுதி என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சான். நான் அவனையே பாத்தேன். எழுத்து தெரியலையாக்கும்னு நெனச்சு அதுக்கு அடியில ஒரு கோடு போட்டுக் காட்டுதான். சிரிப்பு வந்திச்சு. சிரிச்சா இப்ப கழுத்து வழியா சளிதான் வருது, அதைப் பாத்து இவ பதறிப்போயி சிஸ்டரைக் கூட்டிட்டு வந்துட்டா. கோர்ட்டுலேர்ந்து பாக்க வந்தவங்க அத்தனை பேரும் அப்படித்தான், ஒருத்தரு எழுதிக் காட்டுதாரு, இன்னொருத்தரு காதுகிட்ட வந்து கத்துதாரு, மத்தவங்க என்னையத் தாண்டி இவகிட்ட கேக்காவ, தூங்குதாரா, வலிக்குங்காரா, கோவப்படுதாரா. என்கிட்ட கேளும்வே, நான் இங்கதான் கெடக்கேன். செத்தவனைப் பாக்க வந்தவன்தான் பக்கத்துல இருக்கவகிட்ட விசாரிப்பான், எப்ப போச்சு, என்ன செஞ்சுச்சுன்னு. அந்த நெனப்பு வந்ததும் நெஞ்சு படபடன்னு அடிக்கு, அடிச்சா மூச்சு வேகமா கழுத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு போகுது, அந்தச் சத்தம் ஒண்ணுதான் இப்ப என்கிட்ட இருக்க சத்தம்.

நான் யாரு? இருபத்தெட்டு வருசமா முன்சீப் கோர்ட்டு டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கால சிவப்புப் பட்டை, பட்டையில பித்தளை வில்லை, வராந்தாவுல வந்து நின்னு பேரைக் கூப்பிட்டேன்னா எதிர்த்த டீக்கடையில கிளாஸை அப்படியே வச்சுட்டு ஓடி வருவான். மைக்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது, வெறும் தொண்டை. ஒவ்வொரு பேரையும் மூணு தடவை கூப்பிடணும். கூப்பிட்டும் வரலன்னா உள்ள போயி ஐயாவைப் பாத்து இல்லன்னு தலைய ஆட்டணும், கிளார்க்கு குனிஞ்சு எழுதுவாரு, மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகவில்லை. அப்புறம் அந்த ஆளு இல்லாமலே அவன் கேசு முடிஞ்சிரும். அதனால நான் அவசரப்பட மாட்டேன். முதல் தடவை வராந்தாவுக்கு, ரெண்டாவது மரத்தடிக்கு, மூணாவதை பஸ் ஸ்டாப்பு வரைக்கும் இழுத்து விடுவேன். அந்த இழுப்புல கடைசி நிமிசத்துல செருப்பு அறுந்து ஓடி வந்து கும்பிட்டு நின்னு, இருக்கேன் ஐயான்னு சொன்னவங்க எத்தனை பேரு. வக்கீல் ஒருத்தரு சொல்லுவாரு, பூவலிங்கம், உம்ம தொண்டை அரசாங்கச் சொத்துவேன்னு. அரசாங்கச் சொத்தைத்தான் அறுத்துட்டாவ. ஊரான் பேரெல்லாம் என் வாயில கெடந்திச்சு, எங்க வீட்டுக்காரி பேரைத்தான் நான் கூப்பிட்டது கிடையாது. வடிவு. ரேஷன் கார்டு மனுவுல எழுதியிருக்கேன், கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சாவ, வாயால கூப்பிட்டது இல்ல. ஏளான்னா வருவா, இந்தான்னா வருவா, பேரு என்னத்துக்கு? ஒரு தடவை ஒரு பாகப்பிரிவினை கேசுல பிரதிவாதி பேரு வடிவு. கூப்பிட வாயைத் தெறந்தா கூச்சமா இருக்கு, மூஞ்சியெல்லாம் சூடாயிட்டு. மூணு தடவை கூப்பிட்டேன். யாரோ ஒரு கெழவி ஊன்றுகம்பை ஊன்றிக்கிட்டு வந்தா. வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே இவகிட்ட சொன்னேன், இன்னைக்கு உன் பேரை ஊரே கேக்கக் கூப்பிட்டேன்ளான்னு. சோத்தைப் போட்டுக்கிட்டே இவ சொன்னா, அவளையாவது கூப்பிட்டியளே. நான் ரசத்தை ஊத்துன்னுட்டு சாப்பிட்டு எந்திரிச்சுட்டேன்.

என்னைய ஏன் யாரும் கூப்பிடல? அதைத்தான் கேக்கேன். எவனோ தெருவுல போறவன் வேலித் தகராறுக்கு மூணு தடவை கூப்பிடுறோம், என் கழுத்தை அறுக்கதுக்கு என்னைய ஒரு தடவை கூப்பிட வேண்டாமா? ஆபரேஷனுக்கு முந்தி ஒரு நாள் பெரிய டாக்டர் இவளையும் நயினாரையும் வெளிய வராந்தாவுக்குக் கூப்பிட்டு நிப்பாட்டிப் பேசினாரு. கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டும், அது வழியா பாத்தேன். டாக்டர் கையை இப்படித் தன் கழுத்துக்குக் குறுக்க வச்சுக் காட்டினாரு. நயினார் தலைய தலைய ஆட்டினான். இவ முந்தானைய எடுத்து வாய்க்குள்ள வச்சுக்கிட்டா. உள்ள வரும்போது ரெண்டு பேருக்கும் மூஞ்சி கழுவினாப்பல இருந்திச்சு. சின்ன ஆபரேஷன்தான் அத்தான், ஒரு மாசம் பேசப்படாதாம், அம்புட்டுதான்னான். தாளை நீட்டினான், ரெண்டு பக்கம் பொடி எழுத்து, நான் கண்ணாடி கூடப் போடல, இங்க இங்கன்னு விரலை வச்சான், போட்டேன். கோர்ட்டுல இருக்க எனக்குத் தெரியாதா வாசிக்காம கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு? எத்தனை பேரு வந்து அழுதிருக்கான், வாசிக்கலையேன்னு. அவனைப் பாத்து உதட்டைப் பிதுக்கிட்டுப் போனவன்தானே நான். ஒரு மாசம்னா இன்னும் பதினேழு நாள் இருக்கு. பதினேழு நாள்ல வந்திரும். வந்திரும்னா இவ ஏன் குளியலறையில தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழணும்? சாயங்காலம் கோவில்பட்டியிலேர்ந்து மக செண்பகம் போன் பண்ணுவா, இவ போனை என் காதுல வைப்பா, அப்பா, ம்னாவது சொல்லுங்கப்பான்னு அது கெஞ்சும். ம்னு சொல்லக்கூட வரமாட்டேங்கு. வாயை மூடிக்கிட்டு ம்னு முக்குதேன், கழுத்துல கொப்புளம் மாதிரி சளி கட்டி வெடிக்கு, அவ அங்க அலோ அலோங்கா. பெத்த மக, போன்ல யாரும் இல்லன்னு நெனச்சு அலோங்கா.

இதுக்கு நடுவுல இந்த ரோஸ்லின் சிஸ்டர் கண்ணாடி கண்ணாடின்னு உசுரை வாங்குதா. குள்ளமா, கட்டையா, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், செருப்பைத் தேய்ச்சு நடப்பா, வாட்டுக்கு அந்தக் கடைசியில பேசினா இந்தக் கடைசியில கேக்கும், கோர்ட்டுல சேத்தா எனக்கு ஓய்வு கொடுத்துருவாவ. கண்ணாடியப் பாத்து, கழுத்துக் குழாய்க்கு உள்ள இருக்க சின்னக் குழாயக் கழத்தி, கழுவி, நானே திருப்பி மாட்டப் படிக்கணுமாம். படிச்சாத்தான் வீட்டுக்கு அனுப்புவாவளாம், சளி கட்டி அடைச்சா மூச்சு நின்னுரும், வீட்டுல வந்து யாரு செய்வா பெரியவரேங்கா. மூணு நாளா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். நேத்து டாக்டர்கிட்ட என் காலுக்குப் பக்கத்துல நின்னு சொன்னா, பதினொண்ணு ஒத்துழைக்க மாட்டேங்காரு டாக்டர், அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்னு. ஒத்துழைக்கவில்லை. ஆஜராகவில்லை. எழுதுங்க எழுதுங்க. கழுத்தைப் பாக்க எனக்குப் பயமாயிருக்குன்னு எந்த நோட்டுலயாவது எழுதினியா? தடவிப் பாத்திருக்கேன், துணிக்கு மேல. அங்க கையை வச்சா காத்து அடிக்கு, சூடா, தெருவுல ஒரு நாய் மூச்சு விடுறாப்பல, அது என் மூச்சுதான்னு நம்பவே முடியல. மூக்குல ஒரு வாசனை வரல. இவ தலையில தேங்காயெண்ணெய் வச்சிருக்கா, மினுங்குது, முப்பத்தொரு வருசமா ராத்திரியும் பகலும் எனக்குத் தெரிஞ்ச வாசனை, பக்கத்துல குனியுதா, ஒண்ணுமே இல்ல, படத்துல பாக்குறாப்பல இருக்கு. கண்ணாடியப் பாத்து, அங்க இருக்கவன் நான் இல்லன்னு தெரிஞ்சுட்டா, அப்ப நான் எங்க இருக்கேன்? இதை எந்த சிஸ்டர்கிட்ட கேக்க?

செருப்புச் சத்தம். வந்துட்டா. தள்ளுவண்டிய பதினொண்ணுக்குப் பக்கத்துல நிப்பாட்டி, செகப்புச் சட்டம் போட்ட கண்ணாடிய எடுத்துக்கிட்டு, குனிஞ்சு என் காதுக்குள்ள, பெரியவரே! இன்னைக்கு நாம கண்ணாடி பாக்கப் போறோம்! கேக்குதா! நாம குழாயக் கழத்தப் போறோம்! சமத்தா இருக்கணும்! நாமளாம். உனக்கு எங்கம்மா ஓட்டை? எனக்கு அப்படியே உச்சந்தலைக்கு ஏறிட்டு. துண்டைத் தள்ளி சிலேட்டை இழுத்தேன், எழுதியிருந்த பக்கத்தை அடியில விட்டுட்டு மறு பக்கத்துல கிறுக்கினேன், குச்சி ரெண்டா ஒடிஞ்சிட்டு, மிச்சத் துண்டை வச்சு எழுதினேன். நான் செவிடன் இல்ல. கத்தாத. சிலேட்டை அவ மூஞ்சிக்கு நேரா பிடிச்சேன், நயினார் எனக்குப் பிடிச்சானே, அதே மாதிரி. இவ பயந்து எந்திரிச்சுட்டா, கோவிச்சுக்காதீங்க சிஸ்டர்னு கையைப் பிசையுதா. ரோஸ்லின் வாசிச்சா. கண்ணாடிய வண்டியில வச்சா. கட்டிலுக்கு அடியில காலால தடவி முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா, பதிமூணு நாளுல ஒரு ஆளு என் கண்ணுக்கு நேரா மூஞ்சிய வச்சது அதுதான் முதல் தடவை. மெதுவா, சாதாரணமா, பக்கத்து வீட்டுக்காரி பேசுறாப்பல சொன்னா, மன்னிச்சிருங்க அண்ணாச்சி. பேசாத ஆளைப் பாத்தா வாய் தானா கத்திருது. இருபது வருசமா இதே வாட்டுல இருக்கேன், இன்னும் கத்துதேன் பாருங்க. உங்களை எப்படிக் கூப்பிடுவாவ கோர்ட்டுல? நான் தலைமாட்டு அட்டையக் காட்டினேன். எந்திரிச்சு வாசிச்சா. பூவலிங்கம் அண்ணாச்சின்னா. அட, அந்தப் பேரைக் கேட்டதும் கண்ணு ரெண்டும் குளமாயிட்டு, மானம் போகுது. அந்த வேகத்துலதான், யோசிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன், சிலேட்டைத் திருப்பிட்டேன். எனக்குச் சத்தம் திரும்பி வருமா வராதா.

அவ வாசிக்கா. இவளும் நின்னு எட்டிப் பாத்தா, எழுத்துக் கூட்டி வாசிக்க இவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், வாசிச்சு முடிச்சதும் முந்தானை வாய்க்குப் போச்சு, அன்னைக்குக் கதவுக் கண்ணாடி வழியா பாத்தேனே, அதே போல. ரோஸ்லின் இவளைப் பாத்தா. இவ தலைய ஆட்டுதா, வேண்டாம் வேண்டாம்னு. எனக்குக் கண்ணு இல்லையா? ரோஸ்லின் எந்திரிச்சா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன் அண்ணாச்சி, இங்கேயே இருங்கன்னுட்டுப் போறா. போ. போவேன்னு தெரியும். எல்லாரும் அப்படித்தான், சரியாயிரும்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போவான், ஆண்டவன் இருக்கான்னுட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சும்பான். இவளும் வெளிய போயிட்டா, வராந்தாவுல போயி நிக்கா, அதே வராந்தா. கதவு ஆடி நிக்கு. பன்னெண்டாம் நம்பருக்குச் சளி உறிஞ்சுற மிஷின் ஓடுது, கொர்ருன்னு. செருப்புச் சத்தம் திரும்பி வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு கெடக்கேன். இதுதான் கோர்ட்டு மரத்தடி. கேசு கூப்பிடுறதுக்காகக் காலைலேர்ந்து குத்த வச்சிருப்பானுக, நான் வெளிய வரும்போதெல்லாம் மூஞ்சியத் தூக்குவானுக, நம்ம பேரான்னு. சில பேரு மரத்துக்குப் பின்னால நிப்பான். அவனை எனக்குத் தெரியும். கூப்பிடுறது காதுல விழும், வரமாட்டான், தீர்ப்பு என்னன்னு அவனுக்குத் தெரியும், அதான். நான் பாத்துக்கிட்டே மூணாவது தடவையும் கூப்பிடுவேன், அவன் வேர்வையத் தொடைச்சுக்கிட்டு மரப்பட்டையப் பாத்துக்கிட்டு நிப்பான். அப்புறம் என்னைய யாரும் கூப்பிடலன்னு வக்கீல் காலுல விழுவான். பொய் சொல்லுதான் பாருன்னு நெனப்பேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். சவரம் பண்ணிட்டுப் போயிருந்தாவ, நெஞ்சு வரைக்கும், கோழிய உரிச்சாப்பல. நயினார் டீ வாங்கப் போயிருந்தான். இவ கால்மாட்டுல வந்து நின்னா. ஏங்கன்னா. நான் என்னளான்னேன். காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அது ஒரு தடவை. அதுக்கப்புறம் மருந்து கொடுத்தாவ. இல்ல, மருந்துக்கு முன்னால இன்னொண்ணு உண்டும். போர்வைய இழுத்து விட்டுட்டு, ஏங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னான்னு ஆரம்பிச்சா. ஆரம்பிச்சாளா? ஆரம்பிச்சா. நல்லாக் காதுல விழுந்திச்சு. நான்தான், அதெல்லாம் தெரியும், ஒரு மாசம் பேசப்படாது, ஒனக்கு நிம்மதிதானேன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. நான் அவ மூஞ்சியப் பாக்கல, வேணும்னுதான் பாக்கல, டாக்டர் கழுத்துக்குக் குறுக்க கைய வச்சுக் காட்டினதை நான் பாத்தவன், எனக்குத் தெரியாதா? ரெண்டு. அப்புறம் லைட்டு போடுறதுக்கு முந்தி, தண்ணி செம்பை வச்சுட்டு, என் தலையில கைய வச்சா, ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும், கேப்பியளாங்கா. சும்மா கெடளா மூதி, தூங்க விடுன்னேன். சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். மூணு. அடப்பாவி, மூணு. கடைசியா இந்தத் தொண்டையில அவகிட்ட பேசினது அதுதான். சும்மா கெடளா மூதி. இருபத்தெட்டு வருசம் கத்தின சத்தத்துல பொண்டாட்டிக்குக் கொடுத்த கடைசி வார்த்தை. யாரும் கூப்பிடலன்னு பதிமூணு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடக்கேனே, கூப்பிட்டா, முறையா மூணு தடவை கூப்பிட்டா, நான் மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

செருப்புச் சத்தம். ரோஸ்லின்தான். திரும்பி வந்துட்டா, நெசமாவே வந்துட்டா. பச்சைத் திரைய இழுத்து கட்டிலைச் சுத்தி மறைச்சா. முக்காலியில உக்காந்தா. டாக்டர் வந்து விவரமாப் பேசுவாரு, நீங்க என்கிட்ட கேட்டதுனால நானே சொல்லலாம்னுட்டாரு, உங்க மச்சினருதான் அன்னைக்கு உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு டாக்டர்கிட்ட கெஞ்சியிருக்காரு, நாங்களும் விட்டுட்டோம், அது தப்புதான்னா. அப்புறம் ஒரு மூச்சு இழுத்தா. பூவலிங்கம் அண்ணாச்சி, பழைய சத்தம் இனி வராது. கட்டி குரல்வளை முழுக்கப் பரவியிருந்துச்சு, முழுசா எடுத்துட்டாவ. எடுக்கலன்னா நீங்க இருக்க மாட்டிய. மிஷின் ஒண்ணு இருக்கு, கழுத்துல வச்சுப் பேசலாம், காத்தை முழுங்கிப் பேசப் பழகினவங்களும் உண்டும், அது வேற மாதிரி சத்தம், அதைப் பத்தி அப்புறம் சொல்லுதேன். ஆனா நீங்க கேட்டது உங்க சத்தம். அது வராது. சொல்லிட்டு அவ எந்திரிக்கல. சரியாயிரும்னு சொல்லல. கைய என் மணிக்கட்டு மேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் மேல மின்விசிறியப் பாத்தேன். அது சுத்துது. டோட்டல். அப்ப இதுதான். நெஞ்சுக்குள்ள ஏதோ இடிஞ்சு விழும்னு நெனச்சேன், விழுந்திச்சு, விழுந்த பெறகும் நான் கெடந்தேன். கழுத்துல மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு போயிட்டு இருந்திச்சு. பன்னெண்டாம் நம்பர் மிஷினை நிறுத்திட்டாவ. கண்ணாடி நாளைக்குப் பாப்போமா அண்ணாச்சின்னு கேட்டா. நான் இல்லன்னு தலைய ஆட்டினேன். கதவுப் பக்கம் கையைக் காட்டினேன். உங்க வீட்டம்மாவைக் கூப்பிடவான்னா. அதுக்கும் இல்லன்னு தலைய ஆட்டினேன். நான் கூப்பிடணும்.

ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாளே ரோஸ்லின் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொடுத்திருந்தா, ஆளு வேணும்னா தட்டுங்கன்னு. நான் என்ன பிச்சைக்காரனான்னு தொடவே இல்ல, கூப்பிடுறதே தொழிலா இருந்தவன் டம்ளரைத் தட்டிக் கூப்பிடவான்னு. இப்ப எடுத்தேன். தட்டினேன். டிங்குன்னு அது பாட்டுக்கு ஒலிச்சு அடங்கிச்சு. வராந்தாவுக்கு எட்டாது. ரெண்டாவது ஓங்கித் தட்டினேன், பத்தாம் நம்பர்காரர் திரைய விலக்கிப் பாக்காரு, பாருமய்யா. மூணாவது, மூணாவதை எப்படி இழுக்கதுன்னு எனக்குத் தெரியும், கரண்டிய எடுக்காம டம்ளர் விளிம்புலேயே ஓட்டி ஓட்டி அடிச்சேன், பஸ் ஸ்டாப்பு வரைக்கும். கதவு திறந்திச்சு. ஓடி வந்தா, சீலை காலைத் தட்ட, என்னங்க, மூச்சு அடைச்சுக்கிட்டா, என்னங்கன்னு வாய் விட்டுக் கத்திக்கிட்டு. பதிமூணு நாளு கழிச்சு என்கிட்ட பேசுற இவ குரலைக் கேக்கேன். ரோஸ்லின் மெதுவா, அண்ணாச்சிகிட்ட சொல்லியாச்சு, அவரு கேட்டாருன்னா. இவ அப்படியே கட்டில் கம்பியப் பிடிச்சு உக்காந்துட்டா. நான் சொல்ல வந்தேங்க, அன்னைக்கே சொல்லணும்னு வந்தேன், எனக்கு நாக்கு எழும்பலங்கன்னு அழுதா. நான் மூணு விரலைக் காட்டினேன். அவளுக்கு வெளங்கல. எனக்கு விளக்கவும் தெரியல. வண்டியில இருந்த கண்ணாடிய எடுத்து அவ கையில கொடுத்தேன். பிடிச்சா, கை ஆடுது, கண்ணாடிக்குள்ள வாட்டே ஆடுது, ரோஸ்லின் இவ முழங்கையத் தாங்கிக்கிட்டா. துணிய நானே தூக்கினேன். பாத்தேன். கழுத்துக்கு நடுவுல ஒரு ஓட்டை, செவப்பா, அதுல குழாய், ஓரமெல்லாம் தையல், நான் மூச்சு இழுத்தா உள்ள போகுது, விட்டா வெளிய வருது. அதுக்கு மேல என் மூஞ்சி. தாடி வெளுத்துட்டு. அவனேதான்.

சிலேட்டை எடுத்து ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அழிச்சேன். ஒடிஞ்ச குச்சித் துண்டை வச்சு நிதானமா எழுதினேன், கோணாம, கொட்டை எழுத்தா, தூரத்துல இருந்தாலும் தெரியுறாப்பல. திருப்பி அவகிட்ட காட்டினேன். கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எழுத்துக் கூட்டி வாசிச்சா. வ. டி. வு. வாசிச்சுட்டு என்னையப் பாத்தா. நான் இன்னும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். இருக்கேங்கன்னா.